ஊரைப் பார்த்து நின்ற மீன்கள்

செம்பனேந்தல் கண்மாய்க்குள் சிவப்பு மீன் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மழையோடு சேர்ந்து விழுந்தது என்பார்கள், கொக்கின் காலில் முட்டை ஒட்டிக்கொண்டு வந்தது என்பார்கள், பக்கத்து ஊர்க்காரன் வேண்டுமென்றே கொண்டுவந்து கொட்டினான் என்று கற்பூரம் அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் ஒருத்தரும் தங்கள் வீட்டுக் குடத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். உள்ளதைச் சொன்னால் அந்த மீன் கூட்டம் தவமணியின் வயிற்றெரிச்சலில்தான் தொடங்கியது. தொடங்கியதுதான் அவளிடம், பெருகியதற்கு ஊரே பொறுப்பு.

தவமணிக்கு வாய்த்தது குறைசொல்ல முடியாத இடம்தான். புருஷன் சேதுராமு பால் வண்டி ஓட்டுகிறவர், சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுவார், குடிப்பதில்லை, அதிகம் பேசுவதுமில்லை. கொழுந்தன் பால்பாண்டிக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. இருந்த ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, கிழக்குப் பாதியில் தவமணியும் மேற்குப் பாதியில் அவள் ஓரகத்தி ரேணுகாவும் குடியிருந்தார்கள். அந்தச் சுவர் எழும்பிய நாளிலிருந்தே தவமணிக்கு நிம்மதி போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் டைல்ஸ் போட்டால் இந்தப் பக்கம் சிமெண்டுத் தரை அவள் உள்ளங்காலைக் குத்தியது, அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் வந்தால் இந்தப் பக்கம் வைத்த மோர் அன்றைக்கே புளித்தது, அந்தப் பக்கம் ரேணுகா வாசனை ஷாம்பு போட்டுத் தலை குளித்தால் இந்தப் பக்கம் தவமணிக்குத் தலை வலித்தது. வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரேணுகா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றால், எடுப்பாக இருக்கிறது என்று முதல் ஆளாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்குவாள். வெங்காயம் தேவைப்படாத நாளிலும் நறுக்குவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் பால்பாண்டி லீவுக்கு வந்தவன், பெண்டாட்டிக்கு ஆச்சரியம் காட்ட, சுடுதண்ணீர் பிளாஸ்க்குக்குள் ஒரு மீன் குஞ்சைப் போட்டுக்கொண்டு வந்தான். அங்கேயிருந்து கொண்டுபோகக் கூடாது என்று ஒரு சட்டம், இங்கே கொண்டுவரக் கூடாது என்று ஒரு சட்டம். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் மூடியை இறுகத் திருகிக்கொண்டு அவன் வந்து சேர்ந்தான். முன் ஹாலில் கண்ணாடித் தொட்டி வைத்து, அடியில் நீலக் கூழாங்கல் பரப்பி, லைட் போட்டு மீனை விட்டார்கள். குங்குமச் சிவப்பு உடம்பு, நெற்றியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மேடு, ஆளைப் பார்த்தால் கண்ணாடி ஓரம் வந்து நின்று முறைக்கும். ராசியான மீன் என்று பால்பாண்டி சொன்னான், வீட்டுக்கு வாஸ்து என்று அவன் மாமியார் சொன்னாள். அவன் லீவு முடிந்து போவதற்குள் ஊர் மொத்தமும் வரிசையில் வந்து அந்த மீனைப் பார்த்துவிட்டது. தவமணியும் பார்த்தாள். தொட்டியின் வெளிச்சம் பட்டு ரேணுகாவின் முகம் சிவந்து கிடந்ததையும் பார்த்தாள். வயிற்றில் கங்கு விழுந்த மாதிரி இருந்தது. மீன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து படுத்தவள், நெஞ்சு காந்துகிறது என்று சோடா வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் விடிந்து, காபிக்குத் தண்ணீர் மொள்ளலாம் என்று குடத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே அதே மீன். சுண்டுவிரல் அளவு, அதே சிவப்பு, அதே நெற்றி மேடு. தவமணி அலறவில்லை. அந்த அளவுக்கு ஒருத்தி ஏங்கினால் குடத்துக்கே கேட்டிருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. குடத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் மீன் மட்டும் திரும்பி, நடுச்சுவரைப் பார்த்தபடி நின்றது. ரேணுகா கொல்லைப்பக்கம் போனால் மீனும் கொல்லைப்பக்கம் திரும்பியது. ரேணுகா கடைக்குப் போனால் தெருவைப் பார்த்தது. அப்போதுதான் தவமணி குடத்தை அவசரமாக மூடினாள். அது மீன் என்பது போய், அவள் மனதை நாலு பேர் பார்க்கும்படி குடத்துக்குள் யாரோ போட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது.

கொல்ல மனம் வரவில்லை. குடிதண்ணீர்க் குடத்தில் தானாக வந்து பிறந்த உயிரைக் கொன்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. தெருவில் தூக்கிப் போடவும் முடியாது, பார்த்தவர்கள் கேட்பார்கள். அதனால் துணி துவைக்கப் போகிறவள் மாதிரி வாளியை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போய், படித்துறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து விட்டுவிட்டு வந்தாள். ஒரு மீன்தானே, அவ்வளவு பெரிய கண்மாயை அது என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தாள். மறுநாள் ரேணுகாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது, சுவரைத் தாண்டி அவள் சிரிப்பு கேட்டது, அதற்கு அடுத்த நாள் குடத்தில் இன்னொன்று கிடந்தது.

தன் வீட்டில் மட்டும்தான் என்று தவமணி நினைத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் ஊரில் பாதிக் குடங்களில் மீன் கிடந்தது. தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீட்டில்தான் முதலில். பிறகு மீனுக்காகத்தான் என்று இல்லை, யார் மேல் எதற்காக வயிறு எரிந்தாலும் வந்தது. டெய்லர் சுந்தரராசுவின் குடத்து மீன் எதிர்க்கடை டெய்லரைப் பார்த்து நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் குழந்தைவேலு வீட்டு அண்டாவில் பிறந்தது, போன தடவை தலைவராக இருந்தவர் தெருவில் நடந்து போகும்போதெல்லாம் அவரோடு சேர்ந்து மெல்லத் திரும்பியது. அக்காள் வீட்டில் தங்கையைப் பார்க்கும் மீன், தங்கை வீட்டில் அக்காளைப் பார்க்கும் மீன். கேட்டால் தம்பி காரைக்குடியிலிருந்து வாங்கிவந்தான் என்றார்கள், பொருட்காட்சியில் வளையம் எறிந்து ஜெயித்தது என்றார்கள். அந்தப் பொய்யை எல்லோரும் நம்பிக்கொண்டார்கள், தங்கள் பொய்யையும் மற்றவர்கள் நம்ப வேண்டுமே.

ஊர் அதற்கேற்ற மாதிரி நடக்கப் பழகிக்கொண்டது. குடங்களுக்குத் துணியால் உறை தைத்து மாட்டினார்கள். சுந்தரராசுவுக்கு ஜாக்கெட் தைப்பதை விட்டுவிட்டுக் குட உறை தைக்கவே நேரம் போதவில்லை. வீட்டுக்கு வந்த ஆளுக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பது நின்றுபோய், கடையிலிருந்து கலர் சோடா வாங்கிக் கொடுப்பது வழக்கமாயிற்று, ஏனென்றால் வந்த ஆள் முன்னால் குடத்தைத் திறந்தால் மீன் அவரையே பார்த்து நின்றாலும் நின்றுவிடும். தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லி அறியாத ஊர் அது. சம்பந்தம் பேச வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்படியை எட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் தேர்வில் நல்ல மார்க்கு வாங்கினால் அம்மாக்கள் அதை வெளியே சொல்ல அஞ்சினார்கள், சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. இப்படியாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது ஒருத்தர், மாடு கழுவப் போகிற மாதிரி, குளிக்கப் போகிற மாதிரி, வாளியும் கையுமாகக் கண்மாய்க்குப் போய் வந்தார்கள். ஒரு மீன்தானே என்று ஒவ்வொருத்தரும் நினைத்தார்கள்.

இனி அயிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பனேந்தல் கண்மாய் கோடையில் வற்றி முழங்கால் தண்ணீராகும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். தலைவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால் ஊர் மொத்தமும் சேற்றில் இறங்கும். பிடித்த மீனை யாரும் விற்கக் கூடாது, அன்றைக்கு எல்லா வீட்டு அடுப்பிலும் மீன்தான் கொதிக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. விராலும் கெண்டையும் யார் வேண்டுமானாலும் சமைத்துவிடலாம். விரல் நீளம்கூட இல்லாத அயிரை அப்படியல்ல. உயிரோடு பாலில் விட்டு, அது குடித்த சேற்றையெல்லாம் கக்க வைத்து, மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, புளி கொதித்து அடங்குகிற அந்த நேரம் பார்த்துப் போட வேண்டும். கொஞ்சம் முந்தினால் கவிச்சி, கொஞ்சம் பிந்தினால் மீன் கரைந்து முள்தான் மிஞ்சும். அந்த நேரம் தவமணியின் மூக்குக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் ஊர்ச் சனம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நிற்கும், வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் பஸ் பிடித்து வருவார்கள், அவளும் கரண்டியும் கையுமாக நிலைப்படியில் நின்று ஒருத்தர் விடாமல் ஊற்றுவாள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்துக்கு. இந்த ஒரு நாள் அவளுக்கு. அதை நினைத்துத்தான் அவள் மற்ற நாட்களை ஓட்டினாள்.

தை பிறந்தபோது கண்மாய் மாறிவிட்டிருந்தது. கொக்குகள் மேலக்கண்மாய்ப் பக்கம் போய்விட்டன. படித்துறையில் காலை நனைத்தால் மொய்க்கிற குஞ்சு மீன்கள் இல்லை. தவளைச் சத்தம் நின்றது. எருமைகள் தண்ணீரில் இறங்க மறுத்தன, இறங்கியவற்றின் மடியில் கடிபட்ட தடம் இருந்தது. கரைமேல் ஏறிப் பார்த்தால் தண்ணீருக்கடியில் சிவப்பு மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாற்போல், அசையாமல், அத்தனையும் ஊரைப் பார்த்து நின்றன. வேறு எந்த மீனும் கண்ணில் படவில்லை. தவமணி படித்துறையில் துண்டை விரித்து அரித்துப் பார்த்தாள், சேற்றைக் கையால் அள்ளிப் பார்த்தாள், ஒரு அயிரை கிடைக்கவில்லை. சேற்றுக் கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தன் ஒரு நாளைத் தன் கையாலேயே வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மீன்வளத் துறையிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு அம்மா ஜீப்பில் வந்தார். வலையைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, ஊர்க் கூட்டத்தில் நின்று நிதானமாகச் சொன்னார். இது இந்தத் தண்ணீரில் பிறந்த மீன் இல்லை, இதைத் தின்ன இங்கே ஆள் இல்லை, இது தின்னாதது இங்கே எதுவும் இல்லை. அடுத்த மழைக்குக் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால் கீழக்கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்குப் போகும், அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த மாதிரி உயிர்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதைச் சட்டம் தடுப்பதே இதற்காகத்தான், அழகாக இருக்கிறது என்று வளர்ப்பார்கள், சலித்தால் தண்ணீரில் விடுவார்கள் என்றார். பிறகு, யார் யார் வீட்டில் இருக்கிறதோ எடுத்துவந்து கொடுத்துவிடுங்கள், வழக்கு எதுவும் போட மாட்டோம் என்றும் சொன்னார். கூட்டத்தில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. போலீஸ் வழக்கென்றால்கூட நாலு பேர் எழுந்திருப்பார்கள். மீனை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் வைத்தால் அது யாரைப் பார்த்துத் திரும்பும் என்பதுதான் அத்தனை பேர் கவலையும். ரேணுகா மட்டும் எழுந்து போய்த் தன் தொட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தாள். எங்கேயோ கடைத் தொட்டியில் பிறந்த மீன் அது, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சுற்றிச் சுற்றி நீந்தியது. அவளுக்கென்ன, அவள் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தவமணி நினைத்தாள். அந்தத் துணிச்சலைப் பார்த்தும் அவளுக்கு வயிறு எரிந்தது.

தலைவர் குழந்தைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு ஊர்க் கட்டுப்பாட்டைச் சொன்னார். இனிமேல் எந்த வீட்டிலும் இந்த மீன் இருக்கக் கூடாது. இருந்தால் கொல்ல வேண்டும், கண்மாயில் விடக் கூடாது. யார் வீட்டில் யார் பார்த்தாலும் சொந்தம் பந்தம் பார்க்காமல் வந்து சொல்லிவிட வேண்டும். அய்யனார் சந்நிதியில் கற்பூரம் ஏற்றினார்கள், வீட்டுக்கொரு ஆள் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். தலைவர் சத்தியம் செய்தபோது, முந்தைய தலைவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டார். தவமணியும் செய்தாள். மனதாரத்தான் செய்தாள், அவளுக்கு அயிரை வேண்டும்.

சித்திரையில் கண்மாய் வற்றியது. அந்த வருஷம் வெளியூரிலிருந்து யாரையும் அழைக்கவில்லை. பிடிக்கிற மீனை அங்கேயே குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது, அதற்குப் பிறகு சேறு வெடிக்கும்வரை கண்மாயைக் காயப்போடுவது என்று ஜெசிந்தா அம்மா ஏற்பாடு செய்திருந்தார். தலைவர் துண்டை வீசினார், சனம் இறங்கியது, ஆனால் வழக்கமான கூச்சலும் கும்மாளமும் இல்லை. ஆளுக்கொரு ஊத்தாவை எடுத்துக்கொண்டு, அடியில்லாத அந்தக் கூடையைச் சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையைவிட்டுத் துழாவி மீனை எடுத்து வாளியில் போட்டார்கள். வாளிக்குள் விழுந்ததும் மீன்கள் அவரவர் ஆளைப் பார்த்துத் திரும்பின. மறைக்க வழியில்லை. இவன் வாளியில் இருந்தது அவனைப் பார்த்தது, அவள் வாளியில் இருந்தது இவளைப் பார்த்தது, யார் விட்ட மீன் யார் கையில் சிக்கியது என்று தெரியாததால்தான் அன்றைக்கு வெட்டுக்குத்து இல்லாமல் போயிற்று. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டே வேலை பார்த்தார்கள்.

தவமணி முதலில் ரேணுகாவைத் தேடினாள். ரேணுகா மடைப் பக்கம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். கண்மாய்க்குள் பாதி மீன் அவளைத்தான் பார்க்கும், அதில் பெரும்பங்கு யாருடையது என்று ஊருக்குத் தெரியாமலா போகும். அவளைவிட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய் ஊத்தாவை அமுக்கினாள். கைக்குச் சிக்கியது பெரிய மீன், முழங்கை நீளம். வாளியில் போட்டாள். அது மடைப் பக்கம் திரும்பவில்லை. நெற்றி மேட்டைத் தூக்கிக்கொண்டு அவளையே பார்த்தது. சேற்றுத் தண்ணீரில் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து வாளியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், மீனும் சுற்றியது. இந்தப் பக்கம் வந்தாள், இந்தப் பக்கம் வந்தது. இன்னொரு முறை அமுக்கினாள், இன்னொன்று வந்தது, அதுவும் அவளைத்தான் பார்த்தது. அந்த மூலையில் அமுக்கிய இடத்திலெல்லாம் அவளைப் பார்க்கிற மீனாகவே வந்தது, தன்னிடத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்கு இவ்வளவு எரிந்தது என்று தெரியாமல் சேற்றில் மலைத்து நின்றாள். நிமிர்ந்தபோது ரேணுகா பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த மூலையிலதான்க்கா நான் விடுவேன்," என்றாள் ரேணுகா. "படித்துறைக்கு நீங்க வருவீகன்னு இங்குட்டு வந்து விடுவேன்."

தவமணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டாள். "என்னையப் பாத்தா? எங்கிட்ட என்னத்தா இருக்கு?"

"சாயந்தரமானா மூத்தவுக வாசல்ல செருப்பக் கழட்டிவிடுற சத்தம் சுவரத் தாண்டி எனக்குக் கேக்கும். தெனமும் கேக்கும். எங்க வீட்டுல அது ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான்." ரேணுகா மீனைப் பார்த்தபடியே பேசினாள். "மீன்பிடி அன்னைக்கு ஊரே ஒங்களத் தேடி வருது. எங்க வீட்டுக்கு வந்த சனமெல்லாம் தொட்டியப் பாக்க வந்துச்சு. என்னையப் பாக்க யாரு வந்தா?"

இந்த இடத்தில் நல்ல மனுஷியாக இருந்தால் ஊத்தாவைப் போட்டுவிட்டு ஓரகத்தியைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். தவமணியும் அழுதாள், கட்டிக்கொள்ளவும் செய்தாள், இரண்டு பேர் புடவையும் சேறாயிற்று. ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு வந்தது சந்தோஷம். தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்த மாதிரி உச்சியிலிருந்து இறங்கியது. இவ்வளவு வருஷமாக அவள் சுவரில் காது வைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்திலும் ஒரு காது இருந்திருக்கிறது. தன் புருஷன் செருப்புக் கழற்றுகிற சத்தம் ஒரு பெரிய சத்தம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வாளியிலிருந்த மீன்களைக் குழியில் கொட்டும்போது அவள் கை தயங்கியதை ஜெசிந்தா அம்மா பார்த்துவிட்டு, பாவம் பார்க்காதீர்கள், ஒன்று தப்பினாலும் இவ்வளவும் வீண் என்றார். தவமணி கொட்டினாள். அவள் தயங்கியது பாவம் பார்த்து இல்லை.

அந்தக் கோடையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்தது. அந்த வருஷம் ஊரில் யாரிடமும் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, எல்லோர் மானமும் ஒரே குழியில் போனதால் எவருக்கு எவர்மேல் எரிய என்று தெரியாமல் குடங்கள் சும்மா கிடந்தன. மீன் போன கண்ணாடித் தொட்டியில் ரேணுகா அரிசி கொட்டி வைத்தாள். மழை பெய்து கண்மாய் நிறைந்ததும், மேலக்கண்மாயிலிருந்து அயிரையைக் குடம் குடமாகக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் நக்கல் பண்ணிக்கொண்டேதான் கொடுத்தார்கள். கொக்குகள் திரும்பி வந்தன. தவளைகள் கத்தின. கலுங்கு வழிந்தபோது ஊரே போய் நின்று பார்த்தது, வழிந்த தண்ணீரில் சிவப்பாக எதுவும் இல்லை.

அடுத்த சித்திரையில் மறுபடி துண்டு வீசினார்கள். குஞ்சுகளை விட்டுவிட வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டிருந்ததால் வீட்டுக்கு ஒரு கை அயிரைகூடத் தேறவில்லை. பங்கு போட்டால் யாருக்கும் நாக்கு நனையாது, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தவமணியிடம் கொடுத்துவிடலாம் என்று தலைவர் சொன்னார், ஊரும் சரி என்றது. அன்றைக்கு அவள் வாசலில் பெரிய அண்டா ஏறியது. பஸ் பிடித்து வந்த பெண்கள், எதிரெதிர்க் கடை டெய்லர்கள், இரண்டு தலைவர்கள், ஜெசிந்தா அம்மா எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். புளி அடங்குகிற நேரத்தைத் தவமணியின் மூக்கு சரியாகப் பிடித்தது. சாப்பிட்டவர்கள் பேசவில்லை, அதைவிட ஒரு சமையலுக்கு என்ன மரியாதை வேண்டும். சேதுராமு, அதிகம் பேசாத சேதுராமு, எல்லோர் காதிலும் விழும்படி, இவள் கைக்கு ஈடில்லை என்றார். ரேணுகா கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள், இலையை வழித்துச் சாப்பிட்டாள், கை கழுவிவிட்டு வந்து தவமணியிடம் சொன்னாள்.

"உப்பு லேசாத் தூக்கல்க்கா."

தவமணிக்கு அன்றைக்குப் படுத்தால் தூக்கம் வரவில்லை. உப்பு தூக்கல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். விடிந்ததும் முதல் வேலையாக உறைமோர் வாங்கும் சாக்கில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேற்குப் பாதிக்குப் போனாள். ரேணுகா அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. அவள் தோளுக்கு மேலாகத் தவமணி எட்டிப் பார்த்தாள். குடம் மூடியிருந்தது. மூடியின் மேல் அம்மிக்குழவி ஏறியிருந்தது. குழவிக்கு அடியில், குடத்துக்குள், சளப்பென்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு பேருமே அதைக் கேட்காத மாதிரி நின்றார்கள். ரேணுகா மோரை ஊற்றினாள், கொஞ்சம் கீழே சிந்தியது. தவமணி வாங்கிக்கொண்டு, போயிட்டு வாரேன்த்தா என்று மட்டும் சொல்லித் திரும்பினாள்.

தெருவில் தலைவர் குழந்தைவேலு வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார். திருவிழா முடிந்த மறுநாள் எல்லா வீட்டிலும் கேட்டுவிட வேண்டும் என்பது ஜெசிந்தா அம்மா சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு. அவளிடம் வந்து நின்ற தலைவர், கண்மாயில் விட்ட அயிரைக் குஞ்சுகள் இந்த மழைக்குப் பெருகிவிட்டால் அடுத்த வருஷம் வீட்டுக்கொரு சட்டி வைக்கலாம் என்று சொல்லிவிட்டு, "ஒங்க பக்கம் எப்படித்தா? ஒண்ணும் தட்டுப்படலயே?" என்று கேட்டார்.

சத்தியம் செய்த கைதான் கிண்ணத்தைப் பிடித்திருந்தது. இன்றைக்கு ரேணுகா அந்த மீனைக் கொல்லமாட்டாள், சாயங்காலத்துக்குள் அது வாளியில் ஏறிக் கண்மாய்க்குப் போகும், ஒன்று போதும் என்பதெல்லாம் தவமணிக்கு நன்றாகவே தெரியும். அதோடு அடுத்த வருஷத்துக் குழம்பும் போய்விடும் என்பதும் தெரியும்.

"ஒண்ணும் இல்லண்ணே," என்றாள். "எங்க ரெண்டு வீடும் சுத்தமா இருக்கு."

தலைவர் அடுத்த வீட்டுக்குப் போனார். தவமணி உள்ளே வந்து மோர்க் கிண்ணத்தை இறக்கி வைத்துவிட்டு, நடுச்சுவருக்கு எதிரே உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், குழவிக்கு அடியில், அது தன்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். கலைந்து கிடந்த கொண்டையை அவிழ்த்து, சீராக முடிந்துகொண்டாள்.